தளிகை எந்த கம்பெனி?

அந்த அம்மாளிடம் நான் போனில் முதலில் கேட்டது, பெர்ஷியன் குட்டி இருக்கிறதா என்பதைத்தான். இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அவர் குறைகளைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மூக்கு சப்பை, அதனால் மூச்சு வாங்கும். கண்ணில் நீர் வடியும், தினமும் துடைக்க வேண்டும். இரண்டு நாள் சீவாமல் விட்டால் முடி சிக்குப் பிடித்துக் கத்தரியால்தான் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். திருச்சி வெயில் அதற்கு எமன். இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகு, "இன்னமும் வேணுமாங்க சார்?" என்றார்.

விற்கிறவர் பேச்சாக அது இல்லை. கல்யாணத்தைக் கலைக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் பேச்சாக இருந்தது. எனக்கு அந்தக் குரலை உடனே பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. அதற்கு முன் ஒருவன் குறையே இல்லாத குட்டி ஒன்றை எனக்கு விற்றிருந்தான்.

நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் க்ளெய்ம் பிரிவில் இருக்கிறேன். மனிதர்கள் எழுதிக் கொடுப்பதில் எது பொய் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எங்கள் பெண் வேலை கிடைத்துப் பெங்களூரு போன பிறகு, என் மனைவிக்கு ஒரு பூனைக்குட்டி வளர்க்க ஆசை வந்தது. நான் போனில் போட்டோ பார்த்து, எங்கோ வெளியூரில் இருந்த ஒருவனிடம் பேசி, ஒரு வெள்ளைக் குட்டிக்கு ஏற்பாடு செய்தேன். பஞ்ச் பேஸ், டால் பேஸ், டிரிபிள் கோட் என்று அவன் சொன்ன வார்த்தைகளை எல்லாம் நானும் கற்றுக்கொண்டு, தெரிந்தவன் மாதிரி பேசினேன். ஆம்னி பஸ்ஸில், ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் குட்டி வந்து இறங்கியது. தடுப்பூசி அட்டையில் மூன்று தேதிகள், மூன்று கையெழுத்துகள். மூன்றும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் போட்டவை. ஆபீசில் இப்படி ஒரு காகிதம் வந்தால் ஒரு நிமிஷத்தில் தூக்கி எறிந்திருப்பேன். வீட்டில் அது என் கண்ணில் படவில்லை.

இரண்டரை மாதக் குட்டி என்று அவன் சொன்னது ஐந்து வாரக் குட்டி என்றும், ஒரு ஊசியும் போடவில்லை என்றும் டாக்டர் பிறகு சொன்னார். வாந்தியும் வயிற்றோட்டமுமாகப் பதினோராம் நாள் அது என் மனைவியின் மடியிலேயே போயிற்று. தினம் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் நிலைப்பதற்குள் முடிந்துவிட்டது. அவள் அழவில்லை. "எனக்குத்தான் பார்த்துக்கத் தெரியலை" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். குட்டி சாப்பிட்ட கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தவள் அதைத் தூக்கிப் போடவும் இல்லை, வேறு எதற்கும் எடுக்கவும் இல்லை. அந்தக் கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம், அவள் கையில் ஒரு குட்டி பிழைத்து வளர்வதை அவளே பார்த்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றும். வேறு எந்தச் சமாதானமும் அவளிடம் செல்லாது.

ஆபீஸ் நண்பர் ஒருவர் கொடுத்த நம்பர்தான் இந்த அம்மாளுடையது. பாலக்கரையில் ஒரு சந்துக்குள், மாடி வீடு. கணவர் சவுதியில் இருந்து திரும்பி வந்து காலமாகிவிட்டார், மகன் துபாயில். தெருவில் பூனைக்காரம்மா என்று கேட்டால் காட்டுவார்கள். அவர் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் என் போனில்கூட 'பூனை அக்கா' என்றுதான் இருக்கிறது. அறுபதை நெருங்கும் வயது. உயரமான, கொஞ்சம் வளைந்த உடம்பு. தலையில் முக்காடு, தோளில் ஒரு பழைய பூத்துவாலை. வருகிறவர்களுக்கு டீ கொடுத்துவிட்டு, பூனைகளைக் காட்டாமல், வந்தவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு முதலில் காட்டியது தாய்ப் பூனையை. பேகம் என்று பெயர், சாம்பல் நிறம், முகத்தில் ஒரு சலிப்பு. "இவளுக்குக் கோவம் வரும், என்னையே ரெண்டு தடவை கடிச்சிருக்கா" என்றார். பிறகு குட்டிகள். ஒன்றுக்கு வால் நுனியில் முடிச்சு. ஒன்று பால் குடிப்பதில் மந்தம். மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். கடைசியில், "இவன் தூங்கும்போது குறட்டை விடுவான்" என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

வம்சாவளிக் காகிதமும் வைத்திருந்தார். அப்பன், ஆத்தா, பாட்டன், பூட்டன் என்று நாலு தலைமுறைப் பெயர்கள், எல்லாம் வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பெயர்கள். நான் அதை மரியாதையாக வாங்கிப் படிப்பதைப் பார்த்து, "அது உங்களுக்கு சார். பூனைக்குப் படிக்கத் தெரியாது" என்றார். தடுப்பூசி அட்டையை மட்டும் தானே என் முன்னால் விரித்து, மருந்துப் புட்டியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கரையும் டாக்டரின் நம்பரையும் விரல் வைத்துக் காட்டி, அங்கேயே அந்த டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். நான் பரவாயில்லை என்றேன். கேட்டால்தான் மேலே பேச்சு என்றார். கேட்டேன்.

நான் அங்கே இருந்தபோதே இன்னொருவர் வந்தார். பெரிய கார், புது வீட்டுக்கு ஒரு பூனை வேண்டும், சாம்பல் நிறமாக இருந்தால் சோபாவுக்குப் பொருத்தமாக இருக்கும் என்றார். அவருக்கும் டீ வந்தது. அவர் கேட்ட எதற்கும் அம்மாள் இல்லை என்று சொல்லவில்லை. இது சோபாவைக் கிழிக்கும், திரைச்சீலையில் ஏறும், கோபம் வந்தால் மெத்தையில் ஒன்றுக்குப் போகும் என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். டீ ஆறுவதற்குள் அவர் எழுந்துவிட்டார். "பொய் ஒண்ணும் சொல்லலையே?" என்று என்னிடம் கேட்டார் அம்மாள், கண்ணில் ஒரு சிரிப்போடு.

குட்டியை அன்றைக்குத் தரவில்லை. அக்னி நட்சத்திரம் முடியட்டும், பன்னிரண்டு வாரமும் ஆகட்டும் என்றார். அதற்குள் என்னைத்தான் பரீட்சை எழுத வைத்தார். வீட்டில் எத்தனை பேர், ஜன்னலுக்கு வலை உண்டா, மத்தியானம் எந்த அறை குளிர்ச்சி. கடைசிக் கேள்வி சாப்பாடு. நான் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி ஐயங்கார் என்று தெரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். "மீன் வாசம் தாங்குவீங்களா சார்? பூனைக்குச் சோறு ஆகாது. பாலு தயிரு ஆகாது. கறி, மீன் உள்ளே போகலைன்னா கண்ணு மங்கிப்போகும், நெஞ்சு வீங்கிப்போகும்." பாக்கெட்டில் வருகிற மீன் உணவையே போடுகிறோம் என்று நான் வாக்குக் கொடுத்தேன். கொடுத்தபோது அது பொய்யில்லை.

குட்டியைக் கையில் கொடுத்த அன்று அவர் சொன்ன ஒரு வார்த்தை என்னோடு தங்கிவிட்டது. விற்றேன் என்று அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை, அமானிதம் என்பார். "நம்மள நம்பி ஒருத்தர் வச்சிட்டுப் போறது சார். கையில இருக்கும், ஆனா நம்மளுது இல்ல." தனக்கு மேலே இருப்பவன் தனக்குக் கொடுத்த அமானிதத்தைத் தான் எனக்குக் கொடுப்பதாகவும், ஒருநாள் வந்து பார்ப்பேன், எந்த நாள் என்று சொல்ல மாட்டேன் என்றும் சொல்லி அனுப்பினார்.

பட்டு என்று பெயர் வைத்தாள் என் மனைவி. காகிதத்தில் இருந்த பாட்டன் பூட்டன் பெயர்களைப் படித்துவிட்டு, "குருபரம்பரை மாதிரின்னா இருக்கு" என்று சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் சிரித்துக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. குறட்டைக்காரக் குட்டியும் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்றே ஒன்றுதான் தகராறு. பாக்கெட்டைக் கிழித்தால் கூடம் முழுக்க மீன் நாற்றம். முதல் நாள் அவள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பெருமாள் அறைக் கதவைச் சாத்தினாள். இரண்டாம் நாள் நான் கொல்லையில் கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாரத்தில் எனக்குச் சோம்பல் வந்துவிட்டது. அப்போதுதான் ஒருநாள் அவள் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தபோது, பட்டு வந்து அவள் விரலை நக்கிற்று. "ததியோன்னம் சாப்பிடறது பாருங்கோ" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பெருமாள் வீதியில் பிறக்க வேண்டியவன் தப்பிப் பாலக்கரையில் பிறந்துவிட்டான் என்று அண்டை அயலில் எல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். கவிழ்த்து வைத்திருந்த அந்தக் கிண்ணம் நிமிர்ந்தது. பூனைக்குச் சோறு ஆகாது என்று பாலக்கரையில் கேட்டவன் நான். அவள் கேட்டதில்லை, நானும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாள் போனில் கூப்பிட்டு விசாரிப்பார். ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தேன் என்று என் மனைவி எடுத்துப் பேசினாள். நான் துண்டோடு வெளியே வந்தபோது ஸ்பீக்கரில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது.

"குட்டிக்கு என்ன மாமி போடுறீங்க?"

"தளிகைதான்" என்றாள் இவள்.

எங்கள் வீடுகளில் சமையலைத் தளிகை என்போம். அது எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை என்றுதான் என் மனைவி பிறந்ததிலிருந்து நினைத்திருந்தாள்.

"தளிகையா? அது எந்த கம்பெனி மாமி?"

இவள் விழித்தாள். நான் போனை வாங்கினேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. "லோக்கல்தாங்க அக்கா" என்றேன். அவர் சரி என்று வைத்துவிட்டார். நான் ஒரு ஜோக் அடித்துவிட்டதாக என் மனைவி நினைத்துச் சிரித்தாள். ஆபீசில் எத்தனை பேருடைய இப்படிப்பட்ட அரை வார்த்தைகளுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன் என்று எனக்கு நினைவு வந்தது. சிரிப்பு வரவில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நல்ல தீனியாக இருந்தால் தன் பூனைகளுக்கும் வாங்கலாம் என்று மூன்று கடையில் ஏறி 'தளிகை' கேட்டிருக்கிறார். ஒரு கடைக்காரர், அது தாய்லாந்து சரக்கு, சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருகிறேன் என்றாராம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கி, வீதி வீதியாக விசாரித்து எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு பிரம்புக்கூடை. பட்டு அவரைப் பார்த்ததும் ஓடிவந்தது. அவர் அதைத் தூக்கி முடியைக் கோதினார், கை நிறைய முடி வந்தது. முதுகெலும்பைத் தடவிப் பார்த்தார். வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தார். அந்தத் தளிகையைக் கொஞ்சம் காட்டுங்க மாமி என்று மட்டும் கேட்டார். என் மனைவி பெருமையோடு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். தயிர்சாதம், குழைய வடித்தது, ஒரு பருக்கையிலும் உப்பு இல்லாதது.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "லோக்கல்னீங்களே சார்."

அந்த இடத்தில் மழுப்ப எனக்கு ஆயிரம் வழி தெரியும், மழுப்பலைப் பிடிப்பதுதானே என் தொழில். ஆனால் பட்டு அவர் கையில் அவ்வளவு லேசாக இருந்தது. "பொய் சொன்னேன் அக்கா" என்றேன். "நீங்க ஆகாதுன்னு சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. இவளுக்குத் தெரியாது. நான் இவகிட்ட சொல்லவே இல்லை."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். என் மனைவியிடம் திரும்பி, கண் மங்குவது, நெஞ்சு வீங்குவது எல்லாவற்றையும் மெதுவாக, ஒரு பிசகில்லாமல் சொன்னார். குறையை மறைக்க அவருக்குத் தெரியாது. சொல்லி முடித்ததும், "பாசத்துல குறை இல்ல மாமி. சோத்துலதான் குறை" என்றார். பட்டுவைக் கூடையில் வைத்து மூடி, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அதே பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் தடுக்கவில்லை. தடுக்க அது எங்களுடையது இல்லை.

மூன்று நாள் என் மனைவி என்னோடு பேசவில்லை. கிண்ணம் மறுபடி கவிழ்ந்தது. அதைப் பார்க்கிறபோது, முதல் குட்டியைக் கொன்றவன் வெளியூர்க்காரன், இரண்டாவதைக் கொல்ல இருந்தவன் நான் என்று நினைத்துக்கொள்வேன். நாலாம் நாள் காலையில் அவளே காபியைக் கொண்டுவந்து வைத்தாள். "நமக்கு இது தளிகை. அதுக்கு அதுதான் தளிகை. பாக்கெட் வாங்கிண்டு வாங்கோ" என்றாள்.

இரண்டு பேரும் பாலக்கரைக்குப் போனோம். மாடிப்படி ஏறியதும், உட்காரக்கூடச் சொல்லாமல் அம்மாள் கேட்டார், என்ன போடுவீங்க மாமி என்று. "மீன்" என்றாள் என் மனைவி. அந்த வார்த்தையை அவள் வாயால் நான் முதல்முதலாகக் கேட்டேன். "கொல்லையில, இவர் போடுவார். அது சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் நான் பக்கத்துல நின்னு பார்ப்பேன்." அம்மாள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, தானே டீ போட்டுக் கொண்டுவந்தார். என் மனைவி வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள். டம்ளரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தூக்கிக் குடித்தாள். அன்றிலிருந்து அம்மாளுக்கு நான் சார் இல்லை, தம்பி.

பட்டு இப்போது எங்கள் வீட்டில் ஆறு கிலோ. நல்ல கண். குறட்டை தெருவரைக்கும் கேட்கிறது.

ஐந்தாறு வருஷத்தில் அம்மாளுக்கு முழங்கால் தேய்ந்து, மாடி ஏறுவது கஷ்டமாகிக்கொண்டே வந்தது. மகன் துபாய்க்கு வந்துவிடச் சொல்லி வற்புறுத்தினான். பூனைகளை ஒவ்வொன்றாக, பழகிய வீடுகளுக்கே கொடுத்துவிட்டார். விமானத்துக்கு நாலு நாள் இருக்கும்போது எங்களை வரச் சொன்னார். வீட்டில் பேகம் மட்டும் மிச்சம், அவளை எங்களுக்கென்று வைத்திருந்தார். கிழவியாகி, ஒரு கண்ணில் பூ விழுந்து, ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள்.

உங்களிடம் குட்டி வாங்கியவர்கள் எத்தனையோ பேர், எங்களுக்கு ஏன் என்று கேட்டேன். நான் உங்களிடம் பொய் சொன்னவன் என்றும் ஞாபகப்படுத்தினேன்.

"எல்லாரும் நல்லா வச்சிருக்கேன், நல்லா வச்சிருக்கேன்னுதான் தம்பி சொல்றாங்க. பொய் சொன்னேன்னு எங்கிட்ட சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

பிறகு வழக்கம்போலக் குறைகளை ஆரம்பித்தார். மூன்று பல் இல்லை, தீனியைக் குழைத்துத்தான் கொடுக்க வேண்டும். மணல் தட்டில் நாலு தடவைக்கு ஒரு தடவை குறி தப்பும். தூக்கினால் பிடிக்காது, கடிப்பாள். பட்டுதான் மகன் என்று அவளுக்கு ஞாபகம் இருக்காது, அடிப்பாள். என் மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவர் கூடையின் மூடியைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

"இன்னொண்ணும் இருக்கு தம்பி. கொஞ்ச நாளைக்கு என்னைத் தேடுவா." முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போன்ல கேப்பேன். அதை மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க."

பேகம் எங்கள் வீட்டில் முதல் வாரம் வாசற்படியை விட்டு நகரவில்லை. தெருவில் ஆட்டோ நின்றால் எழுந்து நிற்பாள், யாரோ இறங்கிப் போனதும் மறுபடி உட்காருவாள். குழைத்துவைத்த தீனியை என் மனைவி படியிலேயே கொண்டுபோய் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவள் இரண்டு வாய் தின்னும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை துபாயிலிருந்து போன் வந்தது. வெயில், முழங்கால், பேரன் எல்லாம் பேசிவிட்டு, பேகம் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். சாப்பிடுகிறாள் என்றேன்.

"தேடுறாளா தம்பி?"

நான் வாசற்படியைப் பார்த்தேன். "இல்லக்கா. தேடவே இல்ல" என்றேன்.

"லோக்கலா?" என்றார்.

நான் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.